மீனா கல்யாணம் பற்றி நடராஜனுக்கு

அன்புள்ள நடராஜா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு. இங்கே எல்லோரும் சுகம். மீனா ஒரு கத்தோலிக்கப் பையனை விரும்புகிறாள் என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டு, கேள்விகளை மட்டும் மூன்று பக்கத்துக்கு அடுக்கியிருக்கிறாய். உன் வரிசையை விட்டுவிட்டு, எது முக்கியமோ அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மீனா மதம் மாற வேண்டியதில்லை. திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறாதவரைக் கத்தோலிக்கர் மணக்க ஆயரின் (பிஷப்பின்) விதிவிலக்கு வேண்டும். திருச்சபைச் சட்டத்தில் 1086-ம் எண். அது இல்லாமல் நடந்தால் திருச்சபையின் கணக்கில் அது திருமணமே ஆகாது. பங்குத்தந்தை, அதாவது அந்த ஊர் மாதா கோயிலின் சாமியார், தானாக அதைக் கொடுக்க முடியாது. அவர் விண்ணப்பத்தை ஆயர் இல்லத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அதனால் மூன்று மாதம் முன்னதாகவே பையனைப் பங்கு அலுவலகத்துக்குப் போகச் சொல். கல்யாணப் பத்திரிகை அச்சான பிறகு ஓடி வருகிறவர்கள்தான் அதிகம். அந்த அவசரத்தில்தான் தப்பான யோசனைகள் முளைக்கின்றன.

அதில் முதன்மையானது, "பேசாம பொண்ணுக்கு ஞானஸ்நானம் குடுத்திருங்க, வேலை சுலபமா முடியும்" என்பது. சில சமயம் பையனின் உறவுக்காரர்கள் சொல்வார்கள், சில சமயம் பெண் வீட்டாரே முன்வருவார்கள். திருச்சபையின் சொந்த விதிக்கே இது விரோதம். வளர்ந்தவர் திருமுழுக்குப் பெற வேண்டுமென்றால் அவரே விரும்பிக் கேட்க வேண்டும், விசுவாசத்தைப் படித்துத் தெரிந்திருக்க வேண்டும், கிறிஸ்தவ வாழ்க்கையில் கொஞ்சகாலம் பழகியிருக்கவும் வேண்டும். சட்ட எண் 865. யாரையும் வற்புறுத்தி விசுவாசத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று 748-ம் எண்ணும் சொல்கிறது. கல்யாணத் தேதிக்காகத் தலையில் ஊற்றும் தண்ணீரால் யாருக்கும் மரியாதை இல்லை, உன் சாமிக்கும் இல்லை, எங்கள் ஆண்டவருக்கும் இல்லை. யாராவது இப்படிப் பேச்செடுத்தால், விதிவிலக்குக்கு விண்ணப்பிக்கலாமே என்று நீயே நிதானமாகச் சொல்.

வாக்குறுதி கொடுக்க வேண்டியவன் பையன்தான். தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் முடிந்ததெல்லாம் செய்வேன் என்று அவன் எழுத்தில் உறுதி தருவான் (எண் 1125). அவன் இப்படி உறுதி கொடுத்திருக்கிறான் என்பது மீனாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரியும் என்று அவளிடமும் கையெழுத்துக் கேட்கலாம். 1917-ம் வருடத்துச் சட்டத்தில் இரண்டு பேருமே உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. 1970-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை மாற்றினார். ஆனால் நடராஜா, பிள்ளைகளைப் பற்றிய அந்த வரியை ஒரு சம்பிரதாயக் கையெழுத்து என்று விட்டுவிடாதே. நிச்சயத்துக்கு முன்பே இரண்டு பேரும் அதை மனம்விட்டுப் பேசியாக வேண்டும். இங்கே பங்கில் நான் பார்க்கிற சண்டைகளில் பாதி, முதல் குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் ஆரம்பிக்கிறது.

ஆவணங்கள் கொஞ்சம்தான். பையனுக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த திருமுழுக்குச் சான்று. பழைய நகல் செல்லாது, ஏனென்றால் அவனுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தால் அந்தப் பதிவேட்டில்தான் குறித்திருப்பார்கள். மீனாவுக்குப் பிறப்புச் சான்று, ஆதார், புகைப்படம், அவள் மணமாகாதவள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போக வேண்டும். பங்கில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிப்பார்கள்.

தேதி விஷயத்தில் உன் பஞ்சாங்கமும் எங்கள் நாள்காட்டியும் முட்டிக்கொள்ளும். சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) வரையிலான தவக்காலத்தில் நாங்கள் கல்யாணம் வைப்பதைத் தவிர்ப்போம். 2027-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. ஆக தை முடிகிறபோதே எங்களுக்குக் கதவு சாத்தியாயிற்று, மாசியும் பங்குனியில் முதல் பாதியும் போயிற்று. எங்கள் ஆட்கள் ஆடியில் தாராளமாக வைப்பார்கள், அது உனக்கு ஆகாது. பிப்ரவரிக்கு முந்திய தை, இல்லாவிட்டால் வைகாசி, ஆவணி என்று பார்.

சடங்கு முக்கால் மணி நேரம்தான். மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவரல்லாதவராக இருக்கும்போது திருப்பலி (பூசை) இல்லாமல் நடத்துவதுதான் முறை. வாசகம், நற்செய்தி, மறையுரை, பிறகு சுதந்திரமாக வந்திருக்கிறீர்களா என்ற கேள்வி, சம்மத வாக்கு, தாலி மந்திரித்தல் (ஆசீர்வதித்தல்), தாலி கட்டுதல், மோதிரம், மாலை, ஆசீர், கடைசியில் பதிவேட்டில் கையெழுத்து. சாட்சிகள் இருவர் கத்தோலிக்கராகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில்லை. உன் மைத்துனர் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். முழங்கால் போடும் இடத்தில் உங்கள் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பையன் வீட்டில் "பாடற்பூசைதான் வேணும்" என்று, அதாவது பாட்டோடு முழுத் திருப்பலி கேட்டு, பிடிவாதம் பிடித்தால் நீ ஒத்துக்கொள்ளாதே. நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரத்தில் பாதிக் கோயில் எழுந்து போகும், பாதி உட்கார்ந்திருக்கும். உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் பிரசாதம் என்ற பக்தியோடு வரிசையில் நிற்பார்கள். அப்பத்தை வாங்கி, வீட்டில் இருப்பவருக்கென்று முந்தானையில் முடிந்துகொள்வார்கள். எங்களுக்கு அது கிறிஸ்துவின் உடல். கோயில் பணியாளரான உபதேசியார் பதறிப்போய் ஓடிவந்து கேட்டு வாங்குவார். கொடுத்தவருக்கும் சங்கடம், வாங்கியவருக்கு அதைவிட அவமானம்.

தாலியில் பிள்ளையார், சிவலிங்கம், நாமம் இருந்தால் மந்திரிக்க மாட்டார்கள். இது இன்று நேற்று வந்த தகராறில்லை. 1703-ல் புதுச்சேரிக்கு வந்த டூர்னோன் என்ற திருத்தந்தையின் தூதர், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக் கூடாது என்று 1704-ல் தடை போட்டார். தாலி போகவில்லை, உருவம்தான் போனது. வெறும் பொட்டுத்தாலி செய்தால் இரண்டு வீட்டுக்கும் பொருந்தும்.

அடுத்த நாள் மண்டபத்தில் அக்னி சாட்சியாக ஒரு முறை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடாது. சம்மதத்தைக் கொடுப்பதாகவோ புதுப்பிப்பதாகவோ இன்னொரு மதச் சடங்கு முன்னாலும் பின்னாலும் ஆகாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1127-ம் எண். பந்தக்கால், நலங்கு, சீர்வரிசை, வரவேற்பு எல்லாம் வைத்துக்கொள். மீனா உங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வரட்டும், அது அவள் உரிமை. மாதா கோயில் கல்யாணத்தையே விட்டுவிட்டு மண்டபத்தில் மட்டும் நடத்துவது அதைவிட ஆபத்து. 1955-ம் வருட இந்து திருமணச் சட்டம் இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் அந்தச் சட்டப்படி நடக்கும் கல்யாணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 1872-ம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமோ ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும் என்கிறது. மாதா கோயிலில் முடித்துவிட்டு 90 நாளுக்குள் பதிவாளரிடம் பதிந்துவிடுங்கள். 1954-ம் வருட சிறப்புத் திருமணச் சட்டமும் உண்டு. 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சி. ஆனால் அதன்படி இந்து அல்லாதவரை மணந்தால் கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கணக்கு. உங்கள் பூர்வீகச் சொத்து இன்னும் பிரிக்காமல் இருப்பதால் வக்கீலைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதே.

"அப்படியென்றால் உங்கள் சாமியார்கள் எங்கள் மதத்தைப் பற்றி உள்ளுக்குள் என்னதான் நினைக்கிறார்கள்?" என்று கடைசியில் கேட்டிருந்தாய். நேராகவே சொல்கிறேன். எம்மதமும் சம்மதம் என்பது எங்கள் போதனை இல்லை. மீட்பு கிறிஸ்து வழியாகத்தான் என்பதை உரோமை, அதாவது எங்கள் திருச்சபையின் தலைமையிடம், 2000-ல் கூட மறுபடி அழுத்திச் சொன்னது. அதே உரோமைதான் 1965 அக்டோபர் 28-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கையில், இந்து சமயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இந்தச் சமயங்களில் உண்மையும் தூய்மையும் ஆனது எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்றது. 1969-ல் ஆரத்தி, குத்துவிளக்கு, கைகூப்பி வணங்குதல், தரையில் அமர்தல் ஆகியவற்றை இந்திய வழிபாட்டில் அனுமதித்ததும் அதன் தொடர்ச்சிதான். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறோம். மதிப்போம், ஆனால் இரண்டு வழிபாட்டை ஒன்றாகக் கலக்க மாட்டோம். மேலே சொன்ன விதிகள் எல்லாமே இங்கிருந்து வந்தவைதான்.

வீட்டுக்கு வீடு இது மாறும் என்பதையும் மனதில் வை. கோயில் பிரசாதத்தைக் கொடுத்தால் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் வாங்கிச் சாப்பிடும், இன்னொன்று வாங்கி வைத்துவிடும். பெந்தெகொஸ்தே வீடென்றால் வாங்கவே மாட்டார்கள், பொட்டுக்கும் நகைக்கும்கூட அங்கே தடை இருக்கலாம். படைத்த உணவு பற்றி பைபிளில் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, படைத்தது என்று யாராவது சொன்னால் சாப்பிடாதே என்கிறார் அவர். அதனால் சம்பந்தி வீட்டுக்குச் சுண்டல் அனுப்பும்போது இது கோயிலில் படைத்ததா வீட்டில் செய்ததா என்று சொல்லி அனுப்பு. மறுத்தால் உன்னை மறுத்ததாக எடுத்துக்கொள்ளாதே. பையனின் அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவரா என்று மீனாவிடம் கேட்டு எழுது, பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

பையனின் பங்கு எது, எந்த மறைமாவட்டம் (எந்த ஆயரின் ஆளுகை) என்பதையும் எழுது. விண்ணப்பப் படிவம் மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் கொஞ்சம் வேறுபடும், இங்கிருந்தே விசாரித்துவிடுகிறேன். பங்குத்தந்தை தேதி கொடுக்கும்வரை மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதே. தங்கச்சிக்கும் மீனாவுக்கும் என் அன்பு.

உன்,
அந்தோணி