பறக்கும் குண்டுகளை வென்றது பீரங்கிகளின் இடமாற்றம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆளில்லாமல் பறந்து வந்து தாக்கும் ஆயுதங்களைப் பற்றி அண்மைக்காலமாக வரும் கட்டுரைகள் பலவும், அவை இந்த நூற்றாண்டில்தான் தோன்றின என்பதுபோல எழுதப்படுகின்றன. ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டு 1944 ஜூன் 13 அதிகாலையில் கிழக்கு லண்டனின் குரோவ் சாலை ரயில் பாலத்தில் விழுந்து ஆறு பேரைக் கொன்றது. அதை எதிர்கொள்ள அடுத்த சில வாரங்களில் பிரிட்டன் செய்த ஏற்பாடுகளை இன்று எழுதுவோர் அவசியம் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

வி-1 குண்டுக்கு விமானியும் இல்லை, ஏவிய பிறகு அதை வழிநடத்தும் ரேடியோவும் இல்லை. ஜைராஸ்கோப் என்னும் சுழல் கருவி திசையைக் காக்க, மூக்கிலிருந்த சிறு காற்றாடியின் சுழற்சியைக் கொண்டு ஒரு கருவி தூரத்தைக் கணக்கிட்டது; குறித்த எண்ணிக்கை முடிந்ததும் குண்டு தலைகுப்புறப் பாயும், அந்தப் பாய்ச்சலில் எரிபொருள் வரத்து தடைபட்டு இன்ஜின் நின்றுவிடும். இரைச்சல் கேட்கும்வரை ஆபத்தில்லை, அது திடீரென நின்றால் உடனே தரையில் படுத்துக்கொள்ள வேண்டும் என்பதை லண்டன் மக்கள் சில நாட்களிலேயே கற்றுக்கொண்டார்கள்.

இந்தக் குண்டைப் பற்றிப் பேசுவோர், போர் விமானத்தின் இறக்கையை அதன் இறக்கைக்கு அடியில் நுழைத்துக் கவிழ்த்த விமானிகளின் சாகசத்தையே பெரும்பாலும் விவரிக்கிறார்கள். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படி வீழ்த்தப்பட்டவை மிகச் சிலவே. மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்த குண்டைத் துரத்திப் பிடிக்க, டெம்பெஸ்ட் போன்ற அதிவேக விமானங்களுக்கே சில நிமிட அவகாசம்தான் இருந்தது. லண்டனுக்குத் தெற்கே நார்த் டவுன்ஸ் குன்றுகளில் நின்ற விமான எதிர்ப்புப் பீரங்கிகளோ, தங்கள் விமானங்களே குறுக்கே பறந்ததால் பல நேரங்களில் சுட முடியாமல் தவித்தன.

ஜூலை நடுவில், பீரங்கிப் படைத் தலைவர் ஃபிரெடரிக் பைலும் வான் பாதுகாப்புக்குப் பொறுப்பான ரோடரிக் ஹில்லும் பீரங்கி வரிசை முழுவதையும் கடற்கரைக்கு நகர்த்த முடிவு செய்தார்கள். தாக்குதல் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே, மேலிடத்து ஒப்புதலுக்குக்கூடக் காத்திராமல், நூற்றுக்கணக்கான கனரகப் பீரங்கிகளையும் ஆயிரக்கணக்கான ஆண் பெண் வீரர்களையும் சில நாட்களில் இடம்பெயர்த்த அந்த முடிவே இந்தப் போராட்டத்தின் திருப்புமுனை என்பது என் உறுதியான கருத்து. கான்கிரீட் தளம் அமைக்க நேரமில்லாததால், ரயில் தண்டவாளங்களையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் அடுக்கி அவற்றின்மேல் பீரங்கிகளை நிறுத்தினார்கள்.

கடலை நோக்கிச் சுட்டதால், வீழ்த்தப்பட்ட பறக்கும் குண்டுகளின் உடைந்த பாகங்கள் பெரும்பாலும் நீரிலேயே விழுந்தன. இலக்கை நெருங்கியதும் தானாக வெடிக்கும் புதிய ஃபியூஸ் (வெடிதூண்டி) பொருத்திய பீரங்கிக் குண்டுகளையும் தயக்கமின்றிப் பயன்படுத்த முடிந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த புதிய ராடாரும் குறிபார்க்கும் கணக்கீட்டுக் கருவியும் அவற்றுக்குத் துணைநின்றன. பீரங்கி வரிசைக்கு முன்னே கடல்மீதும் பின்னே நிலப்பகுதியிலுமாக விமானங்களுக்குத் தனித்தனி எல்லை வகுக்கப்பட்டது. கடைசி அரணாக லண்டனின் ஓரத்தில், வரும் குண்டுகள் மோதி விழும்படி கம்பி வடங்களால் தரையோடு பிணைத்த தடுப்பு பலூன்கள் மிதந்தன. வானம் துண்டாடப்பட்டது விமானிகளுக்குப் பிடிக்கவில்லை, முதல் சில நாட்களில் அவர்கள் வீழ்த்திய எண்ணிக்கை குறையவும் செய்தது. ஆயினும் ஆகஸ்ட் 28 அன்று வந்த 90-க்கும் மேற்பட்ட குண்டுகளில் லண்டனை அடைந்தவை 4 மட்டுமே.

பிரிட்டனில் இந்தக் குண்டுகளுக்குப் பலியானவர்கள் 6,000-க்கும் மேற்பட்டோர். பீரங்கிகள் முதலிலேயே கடற்கரையில் நின்றிருந்தால் இவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள் என்றே எண்ணுகிறேன். ஆகவே, இன்றைய வான் பாதுகாப்பைப் பற்றி எழுதுவோர், ஏவுகணைகளின் விலையையும் எண்ணிக்கையையும் சொல்வதோடு, அவை எங்கே நிறுத்தப்பட்டுள்ளன, எந்த வான்பரப்பில் யார் சுடலாம் என்பது எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்பவற்றையும் ஆராய்ந்து எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்