பச்சை ஜெர்சியில் ஊசித் துளைகள்

சாட்ஸ்வர்த், டர்பன்
11 ஜனவரி 2009

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. இருந்தாலும் கோவிலுக்கு நடந்துதான் போவேன் என்கிறாள். தமிழில் எழுதினால் நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகப் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் "சரிப்பா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். தீபாவளிக்குப் பேசினாய். இதோ பொங்கல் வந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் நீ அக்காவுக்கு அனுப்பிய ஈமெயிலில், "ரக்பி ஜெர்சியில் ஸ்பிரிங்பாக் மானை வலது பக்கம் தள்ளிவிட்டார்களாமே, அப்பாவுக்கு இப்போது சந்தோஷமா?" என்று கேட்டிருந்தாயாம். அக்கா படித்துக் காட்டினாள். அதில் இன்னொரு விஷயமும் இருந்தது போலிருக்கிறது. பாதி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். நானும் கேட்கவில்லை. நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

சந்தோஷம் இல்லை, தம்பி.

விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். இந்த வருஷத்திலிருந்து நம் ரக்பி அணியின் ஜெர்சியில், இடது மார்பில் மற்ற தேசிய அணிகளைப் போலப் புரோட்டியா பூ, வலது மார்பில் மான். ஜூன் மாதம் பிரிட்டன்-அயர்லாந்து அணியான லயன்ஸ் வரும்போதுதான் புது ஜெர்சியைப் போடப்போகிறார்கள். முதல் டெஸ்ட் நம் கிங்ஸ் பார்க்கில்தான், 20-ஆம் தேதி. போன வருஷம் முழுக்க இங்கே இதே பேச்சு. 2007 டிசம்பரில் பொலொக்வானே மாநாட்டில் ஆளும் கட்சி, எல்லா அணிகளுக்கும் ஒரே சின்னம் என்று தீர்மானம் போட்டது. அப்புறம் நாடாளுமன்ற விளையாட்டுக் குழுத் தலைவர் கொம்பேலா விடவில்லை, மான் போயே ஆகவேண்டும் என்று நின்றார். கடைசியில் ரக்பி சங்கம் இடம் மாற்றிக்கொண்டு தப்பித்தது.

நான் கொம்பேலா பக்கம் இருப்பேன் என்று நீ நினைத்திருக்கிறாய். நினைக்காமல் என்ன செய்வாய்? அப்படித்தான் உன்னை வளர்த்தேன்.

பழைய கதையை நான் உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. தாத்தா கார்ப்பரேஷன் வேலையில் இருந்தபோது நாங்கள் கார்ப்பரேஷன் தொழிலாளர் குடியிருப்பான மேகஸீன் பேரக்ஸில் இருந்தோம். சனிக்கிழமை மத்தியானம் காற்று இந்தப் பக்கம் வீசினால் கிங்ஸ் பார்க் சத்தம் கேட்கும். 1962-ல் லயன்ஸ் வந்தபோது பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு 14 வயது. வெள்ளைக்காரர் அல்லாத நமக்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்றோம். எங்களைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் லயன்ஸுக்காகத்தான் கத்தினார்கள். இந்த ஊரில் பிறந்தவர்கள், இந்த ஊர் அணி தோற்கவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். 3-0 என்று ஸ்பிரிங்பாக் அணிதான் ஜெயித்தது. பெரியப்பா திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் எங்களை இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பச்சை ஜெர்சி 1903-ல் கேப்டனாக இருந்த ஹீட்லி தன் கிளப்பிலிருந்து எடுத்து வந்தது. மான் பெயர் 1906-ல் இங்கிலாந்துப் பயணத்தில் வந்தது. அதிலிருந்து 1981-ல் எரல் டோபியாஸ் வரும் வரைக்கும், 75 வருஷம், வெள்ளைக்காரர் அல்லாத ஒருவரும் அந்தச் சட்டையைப் போட்டு டெஸ்ட் ஆடியதில்லை. விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று இப்போது பேப்பருக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. முதலில் கலந்தது யார்?

அதனால்தான் நான் 20 வருஷம் நிறபேதமில்லாமல் ஆடிய கரீஸ் ஃபவுண்டன் மைதானத்திலேயே கிடந்தேன். 'அசாதாரணமான சமூகத்தில் சாதாரண விளையாட்டு கிடையாது' என்பது எங்கள் வாய்ப்பாடு. அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

ஆனால் புரோட்டியாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை இங்கே யாரும் பேசுவதில்லை. எழுபதுகளில் கலர்டு என்று தனியாக வகுத்த கலப்பின மக்களுக்கென்று பிரித்து வைத்த ரக்பி அணிக்கு என்ன பெயர் தெரியுமா? புரோட்டியாஸ். ஆப்பிரிக்கர்களுக்கு லெப்பர்ட்ஸ். வெள்ளைக்காரர்களுக்கு மான், மற்றவர்களுக்குப் பூவும் சிறுத்தையும். டோபியாஸே அந்தப் புரோட்டியாஸில் ஆடி வந்தவர்தான். இப்போது பூ சுத்தம், மான் அசுத்தம் என்றால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2007-ல் பாரிஸில் உலகக்கோப்பை ஜெயித்தபோது முதல் 15 பேரில் வெள்ளைக்காரர் அல்லாதவர் இரண்டே பேர், ஹபானாவும் பீட்டர்சனும். சண்டை போடவேண்டியது அந்த 13 இடத்துக்கு. பள்ளிக்கூடங்களில் மைதானம் போடு, பிள்ளைகளுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடு. அதற்கெல்லாம் பணம் வேண்டும், வருஷக்கணக்கில் வேலை செய்யவேண்டும். ஒரு பாட்ஜைப் பிடுங்க ஒரு தீர்மானம் போதும்.

நிற்க. உன் வேலையைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பெர்த்தில் வெயில் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? கோவிலில் யார் கேட்டாலும், "மகன் என்ஜினியர், ஆஸ்திரேலியாவில்" என்றுதான் சொல்கிறேன். அம்மா தையல் மெஷின் முன்னால் 27 வருஷம் உட்கார்ந்து படிக்கவைத்த பிள்ளை. அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அவள் பிறந்தநாளுக்கு நீ போன் செய்யவில்லை. இரவு பத்து மணி வரைக்கும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பெர்த்தில் அப்போது விடிகாலை நாலு மணி என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படியும் உட்கார்ந்திருந்தாள்.

இன்னொன்று. எங்கேயாவது குடியுரிமை வாங்குகிற எண்ணம் இருந்தால், இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, முதலில் நம் ஊர் உள்துறைக்கு எழுதி அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காமல் அங்கே உறுதிமொழி எடுத்தால் இங்கே உள்ளது தானாகவே போய்விடும். பின்னால் யாரைக் கேட்டும் பயனில்லை. அந்தக் காகிதத்தை வாங்கிய பிறகுதான் மற்றது. கான்பெராவில் நம் தூதரகம் இருக்கிறது, அங்கேயே விண்ணப்பிக்கலாம். நாள் குறித்துவிட்டார்கள் என்றால் தள்ளிப்போடச் சொல். தள்ளிப்போடுவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

எதில் விட்டேன்? பாட்ஜ்.

தம்பி, 1995-ல் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நீ கேட்ட அந்த ஒரு வரி கேள்வியிலேயே அது இருக்கிறது. அம்மா ஓவர்டைம் பணத்தில் உனக்கு அந்த ஜெர்சியை வாங்கிவந்தாள். உனக்கு 11 வயது. என்னிடம் கேட்காமல் வாங்கிவிட்டாள் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கிங்ஸ் பார்க்கில் பிரான்ஸோடு உலகக்கோப்பை அரையிறுதி நடந்த அன்று மழை கொட்டியதே, பெண்கள் துடைப்பம் கொண்டு மைதானத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்களே, அன்றைக்கு நீ அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்று மழையையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம். மண்டேலா 6-ஆம் நம்பர் ஜெர்சியோடு வந்தார். 27 வருஷம் உள்ளே கிடந்தவர். எனக்குத் தொண்டை அடைத்தது. நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். கூடுதல் நேரத்தில் ஸ்ட்ரான்ஸ்கி டிராப் கோல் அடித்தாரே, 15-12, அப்போது நாற்காலியிலிருந்து எழுந்து கத்தியது நான்தான். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். உன் முகம் அவ்வளவு மலர்ந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. பெரியப்பா இரண்டு வருஷம் முன்னால்தான் போயிருந்தார். அவர் பேசாமல் நடந்து வந்தது ஞாபகம் வந்தது. இந்த மானுக்காகவா கத்தினேன் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம். விடிவதற்கு முன்னால் எழுந்து, அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து, தையல் பிரிக்கிற அந்தச் சின்னக் கொக்கியை எடுத்தேன். சமையலறை மேசையில் உன் ஜெர்சியை விரித்து, பாட்ஜைச் சுற்றியிருந்த தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். துணி கிழியக்கூடாது என்று அவ்வளவு கவனமாகச் செய்தேன். அவசரமாகப் பிய்த்திருந்தால் கோபத்தில் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். முக்கால் மணி நேரம் ஆனது.

நீ வந்து வாசல்படியில் நின்றாய். ஜெர்சியை எடுத்து பல்புக்கு எதிரே பிடித்துப் பார்த்தாய். பாட்ஜ் இருந்த இடத்தைச் சுற்றி ஊசித் துளைகள். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தது. நீ அழவில்லை. "அப்பா, நீங்களும்தானே கத்தினீங்க?" என்று மட்டும் கேட்டாய். நான் உனக்கு மேகஸீன் பேரக்ஸ், டோபியாஸ், 75 வருஷம் என்று பெரிய பிரசங்கம் செய்தேன். சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் சொன்னது உன் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான்.

அந்த நாடாளுமன்றக் குழு செய்யத் துடித்ததை நான் என் வீட்டில் 13 வருஷம் முன்னாலேயே செய்துவிட்டேன். அதனால்தான் சந்தோஷம் இல்லை என்றேன். அப்புறம் அந்த ஜெர்சியை நீ எங்கள் கண்ணில் காட்டவே இல்லை. என்னோடு உட்கார்ந்து ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை. 2007 இறுதி ஆட்டத்துக்கு நீ இங்கேதான் இருந்தாய், ஆனால் நண்பன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாய். நான் இங்கே தனியாகப் பார்த்தேன். அன்றைக்கும் கத்தினேன், தம்பி. கேட்க ஆள் இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், தமிழில் அப்பா பிள்ளைக்கு எழுதுகிற வார்த்தையாக அது வரவில்லை. தப்பு என்னுடையது. உன் பொருளில் நான் கை வைத்திருக்கக்கூடாது. அது என்ன சின்னமாக இருந்தாலும்.

நீ எங்கே என்ன உறுதிமொழி எடுத்தாலும், அது நீ எடுக்கிற முடிவு. ஆஸ்திரேலியாவின் தங்க நிற ஜெர்சி போட்டுக்கொண்டு வந்து நின்றாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இதை அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். என் கையால் எழுத வேண்டும் என்று பட்டது. ஆனால் அந்த அனுமதிக் காகிதத்தை மட்டும் வாங்கிவிடு. திரும்பி வரவேண்டும் என்று தோன்றும் நாளில் விசா கேட்டு வரிசையில் நிற்கிற நிலைமை உனக்கு வரக்கூடாது. தாத்தாவின் அப்பா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்து இறங்கி நம்பர் வாங்கிய ஊர் இது.

இங்கே செய்தி அதிகம் இல்லை. 2010 கால்பந்து உலகக்கோப்பைக்கு கிங்ஸ் பார்க் பக்கத்தில் கட்டுகிற புது மைதானத்தின் வளைவு உயர்ந்து நிற்கிறது. மேகஸீன் பேரக்ஸ் இருந்த பக்கமாகப் போனால் தலைக்கு மேலே தெரிகிறது. அக்காவின் சின்னவள் ஸ்கூலில் 'கேஷுவல் டே' என்றால் பச்சை ஜெர்சிதான் போட்டுக்கொண்டு போகிறாள். பக்கத்து வீட்டு ஜூலு பையனும் அதே ஜெர்சி. இரண்டு பேரும் கேட்டில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள் அம்மா, உங்கள் ஊர் சுங்கத்தில் விடமாட்டார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை, உனக்கென்று தனி பாட்டிலில் எடுத்து வைத்திருக்கிறாள்.

ஜூன் 20 சனிக்கிழமை. டிக்கெட் எப்போது விற்பார்கள் என்று அக்காவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கேட்டிருக்கிறேன். நீ வராவிட்டால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதனால் சங்கடப்படாதே.

இதோடு ஒரு சின்னக் கவர் வைத்திருக்கிறேன். பேக்கர்ஸ் பிஸ்கட் டின்னில், பத்திரமாக, பாஸ்புக்குகளுக்கு அடியில் இத்தனை வருஷம் இருந்தது. ஓரத்தில் இரண்டு மூன்று பச்சை நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பிய்க்கவில்லை. நான் வைத்திருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: கவர் கிடைத்ததும் ஒரு போன் செய். அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடாதே, என்னிடமும் கொடுக்கச் சொல். அந்தக் காகிதம், மறக்காதே.