கனத்தையில் ஒரு கல்

அன்புள்ள மகனுக்கு,

பேத்தி சட்டையில், போரில் செத்தவர்களின் நினைவாகக் குத்துகிற பொப்பிப் பூவைக் குத்திக்கொண்டு நிற்கிற படம் கிடைத்தது. அம்மா அதைப் பக்கத்து வீடு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டா.

கொழும்பிலும் இந்தப் பூ விற்றார்களா என்று கேட்டிருந்தாய். வெள்ளைக்காரன் காலத்தில் விற்றார்கள், முதலாம் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11இல். சேர்ந்த காசில் பெரும்பங்கு இங்கிலாந்துக்குப் போனது. சண்டைக்குப் போய்வந்த உள்ளூர்க்காரருக்குக் கிடைத்தது சொற்பம். அந்தக் கோபத்தில்தான் 1930களில் இடதுசாரி இளைஞர்கள் அதே நாளில் சூரியமல் விற்றார்கள். சூரியமல் என்றால் வேறொன்றுமில்லை, எங்கள் வேலிப் பூவரசம் பூ. நீ இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதின அதே மரம்.

போன கிழமை என்னோடு வேலை செய்த ஒருவரின் செத்தவீடு. கனத்தையில், அதுதான் பொரளையில் இருக்கிற கொழும்புப் பொது மயானத்தில், எரித்தார்கள். மற்றவர்கள் வெளிக்கிட்ட பிறகு, ஓட்டோ பிடிக்க நடந்தவன், ஏனோ போர்க்காலக் கல்லறைகள் இருக்கிற பக்கம் திரும்பிவிட்டேன். கல்லில் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு, செத்த நாள். ஒன்றில் 1942 ஏப்ரல். அந்த மாதம் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில்தான் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. கீழே வயது 21. கல்லின் விளிம்பில் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. இந்தக் கல்லறைகளைப் பார்க்கிற ஆணைக்குழுவை 1917இல் தொடங்கினார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரேமாதிரிக் கல் என்று முடிவெடுத்தார்களாம். உயிரோடு இருக்கையில் சாப்பாட்டு மேசையே வேறுவேறு!

கனத்தைக்கு வந்தால் சுடலையோடு திரும்பிவிடுவேன், உனக்குத் தெரியும். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் செத்த 13 சிப்பாய்களை அடுத்த நாள் இங்கேதான் அடக்கம் செய்வதாக இருந்தது. பின்னேரம் முழுக்கச் சனம் காத்து நின்றது. உடல்கள் வரத் தாமதம். பிறகு அந்தக் கூட்டம் பொரளைச் சந்திக்கு இறங்கி எங்கள் ஆட்களின் கடைகளைக் கொளுத்தத் தொடங்கிவிட்டது. அப்போது நீ அம்மாவின் வயிற்றில் ஆறு மாதம். முன்வீட்டுச் சிங்களக் குடும்பம் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் எங்களை ஒளித்துவைத்தது. பிறகு அகதிமுகாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல்.

அந்த 13 பேரையும் கடைசியில் இங்கே புதைக்கவில்லை, வீடுகளுக்கே அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷமாக எனக்கு அவர்கள் ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். இந்த 21ஐப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், அவர்களுக்கும் என்ன வயது இருந்திருக்கும் என்று யோசித்தேன். எரிந்த கடைகளுக்குள் இருந்தவர்களின் வயதும் கூடவே வந்தது. அதற்குமேல் நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டா. ஓட்டோ கிடைக்கவில்லை என்றேன். நீயும் சொல்லிவிடாதே.

பிள்ளை அந்தப் பொப்பியை எறியாமல் வைத்திருக்கட்டும். ஏப்ரலில் வரும்போது கொண்டு வா. பூவரசம் பூவைக் காட்டுகிறேன், காலையில் மஞ்சளாய் இருப்பது பின்னேரத்துக்குள் சிவந்துவிடும்.

அன்புடன்,
அப்பா