லண்டனில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நானும் அம்மாவும் சுகம். நேரத்துக்குச் சாப்பிடு. கம்பளி போடாமல் வெளியே போகாதே.

போன ஞாயிறு போனில் நீ பேசியது மூன்றே வார்த்தை. அம்மா எண்ணி வைத்திருக்கிறாள். வேலை அதிகமாக இருக்கும், சரி.

அந்தக் காலத்துப் பிரசங்கியார் ஸ்பர்ஜன் கட்டின சபை உன் அறையிலிருந்து நடக்கிற தூரம்தானே? 1861-இல் திறந்தது. தீயும் குண்டும் தின்றதுபோக முன்பக்கத் தூண்கள்தான் பழசு. ஒருதரமாவது போய் நின்றாயா? மகன் எங்கே என்று கேட்டால், ஸ்பர்ஜன் சபைக்குப் பக்கத்தில் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். பெருமைதான்.

என் பிரசங்கத்தில் பாதி அவருடையது என்று உனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் நான் சபையில் சொன்னதில்லை. 1856 அக்டோபர் 19. அவருக்கு 22 வயசு, இரட்டைப் பிள்ளைகள் பிறந்து ஒரு மாசம். சபையில் இடம் போதாமல் சர்ரே தோட்டத்து இசை மண்டபத்தில் கூட்டம். எவனோ 'தீ' என்று கத்தினான். தீயே இல்லை. நெரிசலில் ஏழு பேர் செத்தார்கள். வேதப்புத்தகத்தைப் பார்த்தாலே அழுகை வந்ததாம் அவருக்கு. இரண்டு வாரத்தில் மேடைக்குத் திரும்பிவிட்டார், ஆனால் அந்த இருட்டு கடைசிவரை வந்து வந்து போயிற்று. காரணமே இல்லாமலும் வரும் என்று தன் மாணவர்களிடமே சொன்னார். விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. குளிர்காலத்தில் சபையை விட்டுவிட்டு, மூட்டுவாதத்துக்கும் இதற்கும் சேர்த்து, பிரான்சில் மென்டோனுக்குப் போய் வெயில் காய்வார். 1892-இல் அங்கேதான் கண்ணை மூடினார், 57 வயசில்.

நீயும் லீவு போடு. இங்கே வெயிலுக்கு என்ன குறைச்சல். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

பிளஸ் டூ முடிந்த வருஷம் நீ மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாயே, இதையெல்லாம் நான் அப்போதே படித்திருந்தேன். படித்த பக்கத்தை மடித்து வைத்துவிட்டு வந்துதான் கதவைத் தட்டினேன். "முழங்காலில் நில், எல்லாம் சரியாகும், சபையில் என் மானத்தை வாங்காதே" என்றேன். நீ எழுந்து வந்து சாப்பிட்டாய். பிள்ளையைத் திருத்திவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன் தம்பி. பெரியப்பாவிடமும் அதே புத்திமதியைத்தான் சொல்லியிருந்தேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

போன் போடு. பேச வேண்டாம், சும்மா பிடித்துக்கொண்டு இரு. எந்நேரமானாலும் எடுப்பேன், எனக்கு இப்போது தூக்கம் குறைவு. முருங்கைக்கீரைப் பொடி அனுப்பியிருக்கிறேன், சோற்றில் போட்டுச் சாப்பிடு.

அப்பா