லீவுன்னா தீம் பார்க் மட்டும்தானா? டியூப் ரயில்ல போற தூரத்துல இருக்கற பழைய காட்டையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார இணைப்புல, ஈஸ்டர் லீவுக்கு லண்டன்ல இருந்து குழந்தைகளோட எங்க போகலாம்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. படிக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எல்லாமே டிக்கெட் வாங்கி உள்ள போற இடம்தான், தீம் பார்க், அக்வேரியம், மெழுகு பொம்மை, கடைசியில போனாப் போகுதுன்னு ஒரே ஒரு வரி "இயற்கையை ரசிக்கிறவங்க லேக் டிஸ்ட்ரிக்ட் போகலாம்"னு. லண்டன்ல இருந்து லேக் டிஸ்ட்ரிக்டுக்கு கார்ல அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும் சார், பின் சீட்ல சண்டை போடற ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு ஓட்டிப் பாத்தவங்களக் கேளுங்க சொல்லுவாங்க. ஆனா நம்ம ஆளுங்க இவ்ளோ பேர் இருக்கற ஹாரோ, வெம்ப்ளி பக்கத்துலயே, 1339ல டவர் ஆஃப் லண்டன் கோட்டை வேலைக்கு ஓக் மரம் குடுத்த காடு ஒண்ணு இன்னும் அப்படியே நிக்குது, உள்ள போக ஒத்தப் பைசா வேண்டாம், அதைப் பத்தி உங்க பேப்பர்ல ஒரு வரி கூட நான் பாத்ததில்ல. அதான் எழுதறேன்.

நான் சொல்றது ரைஸ்லிப் வுட்ஸ். மெட்ரோபாலிடன் லைன்ல ரைஸ்லிப் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிடலாம், நடக்க முடியாதவங்களுக்கு பஸ் இருக்கு. பார்க் வுட், காப்ஸ் வுட், மேட் பெஸ் வுட், பேஹர்ஸ்ட் வுட்னு நாலு காடு சேர்ந்து 300 ஹெக்டேருக்கு கொஞ்சம் மேல. 1997ல தேசிய இயற்கைக் காப்பகமா அறிவிச்சாங்க, இங்கிலாந்துல நகரத்துக்குள்ள அந்த அந்தஸ்து வாங்கின முதல் காடு இதுதான். டவருக்கு மட்டுமில்ல, 1344ல விண்ட்ஸர் கோட்டைக்கும் 1346ல வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்கும் இங்க இருந்துதான் மரம் போயிருக்கு. நம்ம புள்ளைங்க ஸ்கூல் ட்ரிப்ல டவருக்குப் போயிட்டு வந்து ராஜா கதை, தலைய வெட்டின கதை எல்லாம் சொல்லுதுங்க, அதுக்கு மரம் போன காடு டியூப்ல போற தூரத்துல இருக்குன்னு சொன்னா நம்பவே மாட்டேங்குதுங்க.

பழைய காடுன்னா இங்க அதுக்கு கணக்கு இருக்கு. இங்கிலாந்து, வேல்ஸ்ல 1600ல இருந்தும், ஸ்காட்லாந்துல 1750ல இருந்தும் விடாம காடாவே இருக்கற இடத்தைத்தான் அந்தக் கணக்குல சேப்பாங்க. அதுக்கு முன்னாடி யாரும் பெருசா மரம் நட்டு காடு உண்டாக்கினதில்ல, அதனால 1600ல காடா இருந்துச்சுன்னா அது அதுக்கும் ரொம்ப முந்தியே இருந்திருக்கும்னு எடுத்துக்கறாங்க. மொத்த பிரிட்டன் நிலத்துல இந்த மாதிரி காடு சுமார் 2.5 சதவீதம்தான் மிச்சம். இதுல முக்கியமான விஷயம், பழசுன்னு சொல்றது மரத்தோட வயசை இல்ல, மண்ணோட வயசை. நூத்துக்கணக்கான வருஷமா ஏர் படாத மண்ணு, அதுக்குள்ள இருக்கற பூஞ்சை, விதை, கிழங்கு, புழு பூச்சி எல்லாம் சேர்ந்துதான் காடு. ரோடு போடவோ ரயில் விடவோ இத அழிச்சுட்டு, பதிலுக்கு இன்னொரு இடத்துல ஆயிரக்கணக்குல கன்னு நடறோம்னு சொல்றவங்களப் பாத்தா எனக்கு சிரிப்பா வரும், கன்னு நடலாம், மண்ணை எங்க இருந்து கொண்டு வருவீங்க?

ஏப்ரல் நடுவுல இருந்து மே பாதி வரைக்கும் போனா இது கண்ணாலயே தெரியும். மரத்துல இலை முழுசா அடைக்கறதுக்கு முன்னாடி தரைக்கு வெயில் வர்ற அந்த சில வாரத்துக்குள்ள புளூபெல் பூத்து முடிச்சுடும், காட்டுத்தரை பூரா நீலமும் ஊதாவும் கலந்த ஒரு நிறம். உலகத்துல இருக்கற புளூபெல்ல பாதி கிட்ட பிரிட்டன்லதான் இருக்குன்னு சொல்றாங்க. குனிஞ்சு கிட்ட போய் பாருங்க, காட்டுப் பூவா இருந்தா தண்டு ஒரு பக்கமா வளைஞ்சு பூ எல்லாம் அந்தப் பக்கமே தொங்கும், வீட்டுத் தோட்டத்துல வைக்கற ஸ்பானிஷ் வகை நேரா நிக்கும், பூ சுத்தி எல்லாப் பக்கமும் இருக்கும். இத புள்ளைங்ககிட்ட ஒரு தடவை காட்டிட்டா போதும், அப்புறம் தெருவுல ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் நின்னு இது எந்த வகைன்னு சொல்லிட்டுத்தான் நகரும். அதுக்கு முன்னாடியே வெள்ளையா வுட் அனிமோனி பூக்கும், அது விதையால அதிகம் பரவாது, வேரால தரைக்குள்ளயே மெதுவா நகரும், நூறு வருஷத்துக்கு ஆறு அடி. அப்போ பத்தடி அகலத்துக்கு ஒரு திட்டு வெள்ளையா பூத்திருந்தா அதுக்கு என்ன வயசு இருக்கும்னு புள்ளைங்களையே கணக்கு போடச் சொல்லுங்க, ட்யூஷன்ல போடாத கணக்கை அங்க போடும்.

இப்ப கொஞ்சம் கோவமா ஒரு விஷயம். புளூபெல் சீசன்ல நம்ம ஆளுங்க பட்டுப்புடவை, பாவாடை சட்டையோட போட்டோ எடுக்க வர்றாங்க, வரட்டும், சந்தோஷம். ஆனா பாதையில நின்னு எடுக்காம பூவுக்கு நடுவுல போய் உக்காந்து, குழந்தைய படுக்க வச்சு எடுக்கறாங்க. நம்ம ஆளுங்க மட்டுமில்ல, எல்லாரும்தான். பூ நசுங்கறத விட இலை நசுங்கறதுதான் பிரச்சினை, அந்த இலைதான் அடுத்த வருஷத்துக்கு கிழங்குல சாப்பாடு சேத்து வைக்குது, அது போச்சுன்னா அந்தச் செடி வருஷக்கணக்கா எந்திரிக்காது. விதையில இருந்து புதுசா ஒண்ணு முளைச்சு பூக்க குறைஞ்சது அஞ்சு வருஷம். கிழங்கோட பிடுங்கினா 1981 வனவிலங்கு சட்டப்படி குத்தம். செடி முழுக்க விஷம் வேற, சின்னது வாயில வச்சிடாம பாத்துக்கணும். பாதை ஓரமா குத்துக்கால் போட்டு உக்காந்து கேமராவ தாழ வச்சு எடுத்தா பூவுக்குள்ள இருக்கற மாதிரியே விழும், எங்க வீட்டம்மா அப்படித்தான் எடுப்பாங்க, யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

எங்க மாமனார் ஊர்ல இருந்து வந்தப்போ அவரையும் கூட்டிட்டுப் போனேன். உள்ள ஒரு இடத்துல ஹார்ன்பீம் மரத்தை எல்லாம் அடியோட வெட்டி அடுக்கி வச்சிருந்தாங்க, "என்ன மாப்ள, காப்பகம்னு சொல்றீங்க, இப்படி மொட்டை அடிச்சிருக்காங்க"ன்னு கேட்டாரு. பாக்கறவங்க எல்லாருக்கும் வர்ற சந்தேகம்தான் இது. வாழையை வெட்டினா அடியில இருந்து கன்னு கிளம்பற மாதிரி, ஹார்ன்பீமை அடியில வெட்டினா அந்தக் கட்டையில இருந்தே நாலஞ்சு தண்டா திரும்ப வரும். விறகுக்கும் கரிக்கும் காலங்காலமா இப்படித்தான் சுத்து முறையில வெட்டியிருக்காங்க, வெட்டின இடத்துல வெயில் விழும், பூ வரும், பூவுக்கு வண்ணத்துப்பூச்சி வரும். வெட்டறத நிறுத்தினா காடு இருட்டாகி தரையில ஒண்ணும் இருக்காது, அதனால இப்பவும் பாத்து பாத்து வெட்டறாங்க. விழுந்து கிடக்கற கட்டைய எடுக்காம விடறதும் சோம்பேறித்தனம் இல்ல, ஸ்டாக் பீட்டில்னு கொம்பு வச்ச பெரிய வண்டு, அதோட புழு உளுத்த கட்டைக்குள்ள வருஷக்கணக்கா இருந்துதான் வண்டாகும். மாமனார் அன்னைக்கு ஒரு கட்டைய மெதுவா புரட்டி பேரனுக்கு மரவட்டை காட்டிட்டு, மறுபடி இருந்த மாதிரியே மூடி வச்சாரு.

புள்ளைங்களோட நடக்கறப்போ இத்தனை மைல் போகணும்னு டார்கெட் வைக்காதீங்க. மூணு வயசுக் குழந்தை ஒரு குட்டைக்குப் பக்கத்துலயே அரை மணி நேரம் நிக்கும், நிக்கட்டுமே, அதுக்குத்தானே வந்தோம். கடைசியில ஏரிக்கரை, அங்க சின்ன ரயில்னு சொல்லி வச்சா பெருசுங்க முன்னாடி ஓடும் (அந்த ரைஸ்லிப் லிடோ ஏரி 1811ல கால்வாய்க்கு தண்ணி சேத்து வைக்க கட்டினது, மணல் கரை இருக்கு, ஆனா குளிக்கக் கூடாது, வெயில் நாள்ல புள்ளைங்க அழும், முன்னாடியே சொல்லி வச்சிடுங்க). ஏரிப் பக்கம் பாதை பரவாயில்ல, காட்டுக்குள்ள களிமண்ணு, மழை பெஞ்சு ஒரு வாரம் ஆனாலும் சேறு இருக்கும், குழந்தையத் தள்ளற புஷ்சேர் சக்கரம் புதைஞ்சு தூக்கிட்டுத்தான் வரணும், அதனால கைக்குழந்தைன்னா முதுகுல கட்டற கேரியர், நடக்கறதுங்களுக்கு ரப்பர் பூட்ஸ், கார்ல மாத்து சாக்ஸ். காத்து பலமா அடிக்கற நாள்ல போகாதீங்க, பழைய மரத்துல இருந்து கிளை விழும்.

உண்ணி பத்தி பயப்பட வேண்டாம், ஆனா தெரிஞ்சு வச்சுக்கணும். முழு பேண்ட் போட்டு அதை சாக்ஸுக்குள்ள சொருகிடுங்க. வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னாடி, இடுப்பு, அக்குள், குழந்தைங்களுக்கு முக்கியமா தலைமுடி ஓரத்துலயும் காதுக்குப் பின்னாடியும் பாருங்க. ஒட்டியிருந்தா மெல்லிசான முனை வச்ச ட்வீஸர்ல தோலை ஒட்டிப் பிடிச்சு மெதுவா நேரா மேல இழுக்கணும், நசுக்காதீங்க. எண்ணெய் விடறது, தீக்குச்சி வைக்கறது எல்லாம் வேண்டவே வேண்டாம். மூணு மாசத்துக்குள்ள கடிச்ச இடத்தைச் சுத்தி வட்டமா தடிப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, காட்டுக்குப் போனோம்னு சொல்லி ஜிபிகிட்ட (குடும்ப டாக்டர்) காட்டுங்க, உண்ணி கடிச்சு வர்ற லைம் நோயா இருக்கலாம், சீக்கிரம் பாத்தா ஆன்டிபயாட்டிக்ல சரியாகிடும். மே மாசத்துல இருந்து ஜூலை வரைக்கும் ஓக் மரத்துல வரிசையா ஊர்ற கம்பளிப்பூச்சியும் அது கட்டற வெள்ளைக் கூடும் கண்ணுல பட்டா தொடாம தள்ளிப் போங்க, முடி பட்டா அரிப்பு, கண் எரிச்சல், தொண்டை கட்டும்.

நாய் பயம் நம்ம வீடுகள்ல ஜாஸ்தி, காட்டுக்கு வராததுக்கு பாதிக் காரணமே அதுதான்னு நினைக்கறேன். கயிறு இல்லாம ஓடி வரும், உண்மைதான். கத்தி ஓடினா அது விளையாட்டுன்னு நினைச்சு துரத்தும், கையைக் கட்டிக்கிட்டு அசையாம நின்னா மோந்துட்டுப் போயிடும். ஓனர்கிட்ட "பையன் பயப்படறான்"னு சொன்னா பெரும்பாலும் கூப்பிட்டுக்குவாங்க.

ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் இருக்கறவங்களுக்கு எப்பிங் ஃபாரஸ்ட் இருக்கு. 1878ல பார்லிமெண்ட்ல தனிச் சட்டம் போட்டு வேலி போடாம பொதுமக்களுக்குன்னு காப்பாத்தின காடு. அங்க நீளக்கொம்பு மாடு மேயுது, கழுத்துல ஜிபிஎஸ் பட்டை, கண்ணுக்குத் தெரியாத வேலிக்குப் பக்கத்துல வந்தா பட்டை சத்தம் போடும், மாடு திரும்பிடும், புள்ளைங்க இத மணிக்கணக்கா பாக்கும். சிங்ஃபோர்ட்ல எட்டாம் ஹென்றி 1543ல கட்டின வேட்டை மாளிகையும் இருக்கு, அதுவும் ஃப்ரீ. தென்கிழக்குல ஆக்ஸ்லீஸ் வுட், 1993ல அதுக்குள்ள போக இருந்த பெரிய ரோட்டை ஊர்க்காரங்க போராடி நிறுத்தினாங்க.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். மே மாசம் ஸ்கூல்ல விடற ஹாஃப் டெர்ம் லீவுக்கு மறுபடி இந்த மாதிரி பக்கம் போடுவீங்கல்ல, அதுல பாதி இடமாவது இதுக்கு ஒதுக்குங்க, எந்த ஸ்டேஷன்ல இறங்கணும், டாய்லெட் எங்க இருக்கு, வயசானவங்க உக்கார பெஞ்ச் எங்க இருக்குன்னு போட்டா போதும். வேணும்னா ரைஸ்லிப் பத்தி நானே எழுதித் தர்றேன், டாய்லெட் மேட்டர் உட்பட.

இப்படிக்கு,
வடமேற்கு லண்டன் வாசகர் ஒருவர்