டர்பன் ஆவணக் காப்பகத்தில் உதவிய அம்மாவுக்கு நன்றி

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கரும்புத் தோட்ட வேலைக்காக தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர், திரும்பி வரவேயில்லை. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து அப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதில் அவர் பெயரிலேயே எத்தனை பேர்! மூன்று நாள் தேடிச் சோர்ந்துபோனேன்.

பக்கத்து மேசையில் இருந்த நீங்கள்தான், "பேரை விடுங்க தம்பி, ஊரைப் பாருங்க" என்றீர்கள். கப்பல் பட்டியலில் ஜில்லா, தாலுக்கா, கிராமம், தகப்பன் பெயர், உடம்பில் உள்ள தழும்பு வரை குறித்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று ஏழெட்டு விதமாக எழுதித் தந்தீர்கள். ஐந்தாவதில் தாத்தா கிடைத்தார். வயது 22, இடது புருவத்தில் தழும்பு.

கண் கலங்கி நின்றதில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அம்மா.