காந்தத்தைத் திருப்பிப் பார், கண்ணு

ரங்கூன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழை விட்டபாடில்லை. அம்மா நேற்று காளி கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

போனில் உன் ஆய்வைப் பற்றிப் பேசியபோது, ஒளியும் காந்தமும் சேர்ந்தால்தான் கரண்ட் வரவேண்டிய அந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னபோது, உன் குரல் சரியில்லை. "காந்தத்தை நிறுத்தினாலும் கொஞ்சம் கரண்ட் வருதுப்பா, மூணு மாச வேலை வீண்" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இரவு கரண்ட் போனதும் அதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். நம் மாடியில் இருக்கும் சோலார் தகட்டில் இரண்டு வகை சிலிக்கான் சேர்ந்திருக்கிறது. சேரும் இடத்து மின்புலம் எலெக்ட்ரானை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. நீ சோதிக்கும் காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியில் அந்த ஏற்பாடு இல்லை, பேட்டரியும் இல்லை. சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள அடுக்குக்குள் சிக்கிய எலெக்ட்ரான்கள் அந்தத் தளத்தில் மட்டுமே ஓடுகின்றன. டெராஹெர்ட்ஸ் ஒளி, அதாவது கண்ணுக்குத் தெரியாத நீள அலை ஒளி, பட்டுச் சூடானதும் ஒரு ஸ்பின் (எலெக்ட்ரானைக் குட்டிக் காந்தம்போல ஆக்கும் குணம்) உள்ளவை ஒரு பக்கமும், எதிர் ஸ்பின் உள்ளவை மறுபக்கமும் நகர்கின்றன. இரண்டும் சமம் என்பதால் மீட்டரில் ஒன்றும் தெரியாது. அடுக்கின் தளத்தோடு காந்தப்புலத்தைச் செலுத்தினால் ஒரு ஸ்பின் எண்ணிக்கையில் கூடுகிறது, அந்தப் பக்கத்து ஓட்டம் மிஞ்சுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஸ்பின் கம்பியில் கரண்டாக வந்து நிற்கிறது. எவ்வளவு அழகான விஷயம் இது!

நீ அனுப்பிய 2005ஆம் வருடக் கட்டுரையில், ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்காரர்களும் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் ஐயோஃபே இயற்பியல் நிறுவனத்தாரும் சேர்ந்து எழுதியதில், கணக்கு எனக்கு எட்டவில்லை. ஆனால் காந்தப்புலத்தின் திசை மாறினால் மின்னோட்டத்தின் திசையும் மாறும் என்பது நன்றாகவே புரிந்தது. அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

கடையில் மிகச் சிறிய வோல்டேஜை அளக்கும்போது நான் வயரை மாற்றிப் பிடித்து இன்னொரு தடவை பார்ப்பேன். பிளஸ் மைனஸ் குறி மாறினால் அது போர்டிலிருந்து வருவது. மாறாவிட்டால் மீட்டரின் சொந்தப் பிழை. ஒரு தடவை அப்படிப் பார்க்காமல் நல்ல போர்டு ஒன்றைக் கழற்றிப் போட்டேன். அந்த வாடிக்கையாளரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

நீயும் காந்தச் சுருளின் கரண்டை எதிர்த்திசையில் விட்டு அளந்து பார். ஒரு திசையில் 7, மறுதிசையில் மைனஸ் 3 வருகிறது என்று வை. இடையே உள்ள 10இல் பாதி, அதாவது 5, காந்தத்தால் வந்தது. மிச்சம் 2 அதனால் வந்ததல்ல. லேசர் புள்ளி நடுவில் விழாமல் ஒரு பக்கத்து இணைப்பு மட்டும் சூடானாலும் வோல்டேஜ் வரும், அதற்குக் காந்தம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? புள்ளியையும் ஒருமுறை நகர்த்திப் பார்த்துவிடு.

சரி, வேளைக்குச் சாப்பிடு. பக்கத்து வீட்டுத் தம்பி அந்தப் பக்கம் வருகிறான், ஊறுதேயிலையும் வறுத்த பருப்பும் அவனிடம் கொடுத்துவிட அம்மா கட்டி வைத்திருக்கிறாள். காந்தத்தைத் திருப்பியதும் வரும் இரண்டு எண்களையும் எனக்கு எழுது.

அப்பா